முதலில் தோன்றுவதைத் தொடவும்

கேள்விகளைத் தமிழாக்கியது நான்தான்.
நூற்றி அறுபது. மூன்று இரவுகள்.
'கூட்டங்களில் நான் உற்சாகம் பெறுகிறேன்' என்று எழுதிவிட்டு
எந்தக் கூட்டம் என்று யோசிக்காமலே
தூங்கப் போயிருக்கிறேன்.

அம்பத்தூர் எஸ்டேட். வால்வு கம்பெனியின் மாடி.
ஏசி ஒழுங்காக ஓடுகிற ஒரே அறை.
ஷிப்ட் சூப்பர்வைசர் பதவிக்கு இரண்டே பேர்.
யுகேந்திரன் இருபது நிமிடத்தில் முடித்துவிட்டுக்
கேன்டீனில் போண்டாவோடு இருந்தான்.
பொன்னுரங்கம்
கையைப் பேன்ட்டில் இரண்டு முறை துடைத்துக்கொண்டு
டேப்லெட்டைத் தொட்டார்.
காய்ப்பேறிய விரலை அது பொருட்படுத்தவில்லை.
சுண்டுவிரலால் தொடச் சொன்னேன்.
அது மட்டும் செல்லுபடியானது.

"அந்நியர்களோட எளிதில் பழகுவேன்னு இருக்கே மேடம்,
அந்நியர்னா யாரு? ஆடிட்டரா?
புதுசா வந்த ஒடிசா பசங்களா?"
விளக்கம் தரக்கூடாது என்பது விதி.
உங்களுக்கு முதலில் தோன்றுவதைத் தொடுங்கள் என்றேன்.
"முதல்ல தோணுனதைச் சொல்லித்தான்
எட்டு வருசமா இப்படியே இருக்கேன்."
சிரித்தபடி
முற்றிலும் உடன்படுகிறேன் என்பதைத் தொட்டார்.

எழுபத்து மூன்றில் கரன்ட் போனது.
'இசை கேட்கையில் என் மனம் நெகிழ்கிறது.'
இருட்டில் அந்த வரி மட்டும் அவர் முகத்தில் வெளிச்சமாய்.
அவர் அதைப் படிக்கவில்லை.
உதடு அசைந்தது. எண்ணிக்கொண்டிருந்தார்.
ஏழாவது நொடியில் ஜெனரேட்டர் எடுக்க வேண்டும்.
எட்டு.
ஒன்பது.
நாற்காலி பின்னால் சாய, படியிறங்கி ஓடும் சத்தம்.

பதினோரு நிமிடம் கழித்து
முதுகோடு ஒட்டிய சட்டையுடன் வந்து உட்கார்ந்து
"பேட்டரி டெர்மினல்" என்றார், மன்னிப்புக் கேட்பதுபோல.
கீழே கம்ப்ரெசர் மறுபடி மூச்சு வாங்கத் தொடங்கியிருந்தது.
டேப்லெட்டின் கடிகாரம்
நிற்கவேயில்லை.

நாலு மணிக்கு அறிக்கை வந்தது.
பச்சை, மஞ்சள், சிவப்புப் பட்டைகள்.
'எடுத்த பணியில் ஈடுபாடு குறைவு.
இடையில் கவனம் சிதறுபவர்.'
பன்னிரண்டில் மாற்றம் பிடிக்கும் என்றிருக்கிறார்,
எண்பத்தெட்டில் பழகியதே நிம்மதி என்றிருக்கிறார்,
இரண்டுக்கும் முற்றிலும் உடன்பாடு.
'முன்னுக்குப் பின் முரண்.'
யுகேந்திரனுக்கு எல்லாம் பச்சை.
குற்றம் சொல்ல முடியாது, நல்ல பையன்தான்.

எனக்கும் இந்தச் சோதனை நடந்தது, போன வருடம்.
எந்த இரண்டு கேள்விகள் ஒரே கேள்வியின் இரு வேடம் என்று
எனக்கு மனப்பாடம்.
நேர்மையில் தொண்ணூற்றொன்று வாங்கினேன்.

குறிப்புகளுக்கு ஒரு பெட்டி உண்டு, இருநூறு எழுத்து வரை.
'சோதனையின்போது மின்தடை' என்று தட்டினேன்.
யார் ஓடினார், யார் சரிசெய்தார் என்பதற்கும்
பெட்டியில் இடமிருந்தது.
கர்சர் துடித்துக்கொண்டே நின்றது.
மேலாளர் இரண்டு தடவை அழைத்துவிட்டார்.
அனுப்பினேன்.

பட்டரவாக்கம் ஸ்டேஷனில் ஏழு பத்து வண்டி தாமதம்.
தூணோரம் நின்றவர் என்னைப் பார்த்துவிட்டார்.
ரிசல்ட்டைக் கேட்பாரோ என்று
கைப்பையில் இல்லாத எதையோ தேடினேன்.
"மேடம், நூத்தி நாப்பதை மட்டும் விட்டுட்டேன்."
எது?
"'என்னைப் பற்றி எனக்கு நன்றாகத் தெரியும்.'
முதல்ல ஒண்ணுமே தோணல.
யோசிச்சுச் சொன்னா ஒத்துக்குவீங்களா?"

விடுபட்ட கேள்விக்கு
மென்பொருளே நடுநிலை என்று போட்டுக்கொள்ளும்.
அதைச் சொல்லவில்லை.
நாளைக்குச் சொல்லுங்கள் என்றேன்.

வண்டி வந்தது.
அவர் கடைசிப் பெட்டிக்கு நடந்தார், நான் லேடீஸுக்கு.
கொரட்டூர் தாண்டி ரயில் காரணமில்லாமல் நின்றது.
விளக்கு ஒருமுறை அணைந்தது.
என்னையறியாமல் எண்ணத் தொடங்கியிருந்தேன்,
ஒன்று, இரண்டு,
வியாசர்பாடி ஜீவாவில் இறங்க வேண்டிய அவரும்
பின்னால் எங்கோ
எண்ணிக்கொண்டிருப்பார்.